கடூ

செவ்வாய் இரவு. வடக்கு வேல்ஸில் வழக்கமான மழை.
உடைமாற்றும் அறைக்குப் பின்னால் தேநீர்க் கூடம்,
ஆறு பேர், ஒரு ஹீட்டர்,
மேசைமேல் ஒரு ஜோடிக் கையுறை.
வலது உள்ளங்கை தேய்ந்து நுரைப்பஞ்சு தெரிகிறது.

டுட்வல் பதினெட்டு வருடம் கோல் காத்தவர்.
காத்தவர் என்பது ஒரு மரியாதைக்கு.
ஒரே மதியத்தில் ஒன்பது வாங்கியதுண்டு;
பத்தாவதைக்
கம்பம் காத்தது.

பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தார்.

தீர்மானம் இரண்டே சொல்:
கையுறை, கடூ.
எலுனெட் நோட்டில் எழுதி அடிக்கோடிட்டாள்.
ஆறு கைகளும் உயர்ந்தன.
அந்தக் கழகத்தில் எதற்கும் ஆறு கை உயர்ந்ததில்லை,
புது வலை வாங்குவதற்குக்கூட.

தமிழ்க் காதில் அது கடு என்று விழும்,
நஞ்சு என்று, காரம் என்று.
அவர்கள் வாயில் அது வேறு.
ஆடு வளர்ப்பது கடூ.
சொன்ன சொல் தவறாதிருப்பது கடூ.
ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் மீட்கப்படும் ஆன்மாவுக்கும் அதுதான்,
மதியம் கழுவிய தட்டை
அலமாரியில் எடுத்து வைப்பதற்கும் அதுதான்.
கூச்சல் போட்டால் சத்தத்தைக் கடூ செய்கிறான் என்பார்கள்
(யாருக்கு வேண்டும் அந்தச் சேமிப்பு?)
பிள்ளைகளின் உண்டியலுக்கோ பெயரே
'என்னை வைத்திரு, உனக்குக் கிடைக்கும்'.

ஆக, ஆறு பேரும் ஒரு சொல்லுக்குத்தான் கை தூக்கினார்கள்.
பொருளுக்கு அல்ல.

டாங்வென் அன்றிரவே கையுறையை வீட்டுக்கு எடுத்துப் போனாள்.
துவைத்தாள், குழாய்மேல் காயப்போட்டாள்,
எரிவாயு ரசீதுகளோடு இழுப்பறைக்குள் வைத்து
மூடினாள்.
கணவனின் பொருளை ஒரு மனைவி
வேறெப்படிக் கடூ செய்வாள்?

வியாழன் அன்று மெய்ரிக் அளவுநாடாவோடு வந்தார்.
கண்ணாடிப் பெட்டி, பித்தளைத் திருகு,
உள்ளே மஞ்சளாக ஒரு சின்ன விளக்கு.
விரலை விரித்து வைக்கலாமா, மடித்தா என்றார்.
"விரித்தே வையுங்கள்," என்றாள்.
"அப்படித்தானே எல்லாம் உள்ளே போயிற்று."
இரண்டு பேரும் சிரித்தார்கள்.
பிறகு மெய்ரிக்
நாடாவைச் சுருட்ட நெடுநேரம் எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை.
இடைவேளையில் நான்குக்குப் பூஜ்யம்.
புதுப் பையன் கெதின், இடது கையுறை
கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டுவரை கிழிந்து
நனைந்த வெறுங்கையை ஊதிக்கொண்டிருந்தான்.
கம்பி வேலிக்கு அப்பால் டாங்வென்.
அவள் ஆட்டம் பார்க்க வந்து எத்தனை வருடம் இருக்கும்
என்று எலுனெட் எண்ணத் தொடங்குவதற்குள்
கோட்டுப் பையிலிருந்து அது வெளியே வந்தது,
சோப்பு மணத்தோடு.

ஒன்றும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.
மெய்ரிக் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்து
பெட்டிக்குக் கட்டிய முன்பணத்தை நினைத்து
மூடிக்கொண்டார்.

இரண்டாம் பாதியில் ஒரே ஒரு கோல்தான் வாங்கினான்.
வலது உள்ளங்கையில்,
அந்தத் தேய்ந்த இடத்தில் பட்டு
மெதுவாக வழுக்கி உள்ளே போனது பந்து,
வழி தெரிந்த வீட்டுக்குள் போவதுபோல.

ஐயோ என்று கத்தியது மைதானம்.
டாங்வென் கைதட்டினாள்.

பெட்டி அடுத்த வாரம் வந்து சேர்ந்தது.
சுவரில் மாட்டினார்கள், விளக்கு எரிகிறது.
உள்ளே இப்போதைக்குக் கூடத்துச் சாவியும்
பாதி தீர்ந்த சர்க்கரைப் பொட்டலமும்.
கீழே ஹீட்டர்மேல்
சேற்று நீர் சொட்டச் சொட்ட
பத்து விரல்கள்.

தீர்மானத்தைத் திருத்த வேண்டுமா என்று கேட்டாள் எலுனெட்.
சொல் சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள்.